மிச்சத் தண்ணீர்

விவசாயத்தைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் கத்தரிக்காய்க்குக் காம்பு பச்சையாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் எங்கிருந்து தெரியும்? எங்கள் தெருவில் பச்சையாக இருந்தவை சாக்கடைப் பாசியும் பக்கத்து வீட்டு இரும்பு கேட்டும்தான். ஆனாலும் இரண்டாயிரத்தை ஒட்டிய சில ஆண்டுகள் நான் சொட்டு நீர்ப் பாசன நிபுணராக இருந்தேன். விசிட்டிங் கார்டில்கூட அப்படித்தான் போட்டிருந்தது.

கார்டு அடித்துக் கொடுத்தவர் என் முதலாளி. தெற்குச் சீமைக்காரர். ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடையில் ஆரம்பித்து, திருவொற்றியூரில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி வரை வந்தவர். கம்பெனி என்றால் இரண்டு மெஷின், ஒரு ஷெட், ஒரு ஆபீஸ் அறை. ஒரு மெஷினில் விரல் தடிமனுக்குக் கறுப்புக் குழாய் வரும். அது வயலுக்கு, செடி செடியாகச் சொட்டு விடுவதற்கு. இன்னொரு மெஷினில் தொடை தடிமனுக்குப் பச்சைக் குழாய் வரும். அது தண்ணீர் லாரிக்கு. கிணற்றில் இறக்கி ஒரே மூச்சில் உறிஞ்சுவதற்கு. தண்ணீரைக் காப்பாற்றுகிறவரும் எங்கள் வாடிக்கையாளர், காலி செய்கிறவரும் எங்கள் வாடிக்கையாளர். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"மருந்துக்கடைக்காரன் பேதிக்கும் மாத்திரை விக்கான், மலச்சிக்கலுக்கும் மாத்திரை விக்கான். அவன்ட்ட போய் நீ எந்தக் கட்சின்னு கேப்பியாம்மா?" என்றார் முதலாளி.

என்னை டைப் அடிக்கத்தான் வேலைக்கு எடுத்தார்கள். ஒருநாள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வராததற்காக நான் ஆபீஸ் போனில் போட்ட சண்டையை முதலாளி உள்ளறையிலிருந்து கேட்டிருக்கிறார். வெளியே வந்து, "இவ்வளவு பேசுதியே, இதை நம்ம குழாய்க்குப் பேசேன்" என்றார். கையில் ஒரு படம் போட்ட புத்தகத்தையும் கொடுத்தார். சாப்பாட்டு இடைவேளைகளில் அதைப் படித்தேன். உண்மையைச் சொன்னால், படிக்கப் படிக்க அந்த விஷயம் எனக்குப் பிடித்துப்போயிற்று. வயலை முழுக்க நனைக்காமல், வேர் எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும், வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு தண்ணீர். மோட்டார் ஓடும் நேரமும் அதனால் குறையும். குழாயடியில் குடத்துக்குக் குடம் மண்டை உடைவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிய நாகரிகமாகப் பட்டது.

மின்சாரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றிப் பேச எனக்கு இன்னொரு தகுதியும் இருந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்றால் எண்ணூர்ப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரியும். காயப்போட்ட வெள்ளைத் துணி சாயங்காலம் சாம்பல் நிறமாகத் திரும்பும். கரண்ட் பிறக்கும் ஊரில் குடியிருந்தும் எங்கள் வீட்டு மின்விசிறி பாதி நாள் நின்றுதான் கிடக்கும். சாம்பலை எங்களிடம் இறக்கிவிட்டு வெளிச்சம் நேராக வேறு எங்கோ போய்விடும். அதனால் மின்சாரத்தை வீணாக்காதீர்கள் என்று கம்பெனி நடத்திய விவசாயிகள் கூட்டங்களில் நான் மேடையேறிச் சொல்லும்போது குரலில் ஒரு நிஜமான எரிச்சல் இருக்கும். கேட்கிறவர்கள் அதைக் கடமை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் ஒரு காய்கறிக்கார அக்கா வருவாள். மீஞ்சூர்ப் பக்கத்தில் குத்தகைக்கு எடுத்த தோட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டு, பறித்த கையோடு கூடையில் அடுக்கி, மின்சார ரயிலில் ஏறி வந்துவிடுவாள். புருஷன் காசிமேட்டுக்கு ஐஸ் உடைக்கிற வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடித்தனமும் வைத்துக்கொண்டான். "அத்தோட என் வூட்ல சோறு மிஞ்சுது" என்பாள் அக்கா, அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசமாட்டாள். இரண்டு பெண்களும் அந்தத் தோட்டத்தை நம்பித்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் என் அம்மா கூடையைக் கிளறிவிட்டு, "இன்னா கத்தரிக்கா இது, கெழவி மூஞ்சியாட்டம் கீது" என்றாள். வழக்கமாக அக்கா பதிலுக்கு ஏதாவது சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். அன்றைக்குக் கூடையை இறக்கிவைத்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கெணத்துல உப்பு ஏறிகினு கீதும்மா. எல ஓரமெல்லாம் கருகுது. கெணறு பூட்ச்சுனா நானும் பூட்டேன்" என்றாள்.

மீஞ்சூர்ப் பக்கம் மண்ணுக்கு அடியில் கடல் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். மழைத் தண்ணீர் லேசானது, கடல் தண்ணீர் கனமானது. பாலின் மேல் ஆடை மிதப்பதுபோல நல்ல தண்ணீர் மேலே நிற்கும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும். பெரிய மோட்டாரைப் போட்டு வேகமாக இழுத்தால் கீழே கிடப்பது மேலே வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் ஆடை தங்கும். புத்தகத்தில் படித்த அத்தனையும் என் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. அக்காவுக்குச் சொட்டு நீர் ஒரு வசதி இல்லை. கிணற்றைக் காப்பாற்ற அவளுக்கு இருந்த ஒரே வழி அது.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்குக் கிணறு கண்ணில் படவில்லை, ரயில்வே ஸ்டேஷன்தான் பட்டது. "திண்டிவனம், விழுப்புரம்னு அலையாண்டாம். வேளாண்மை அதிகாரி காலையில வந்து பாத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம். மாதிரித் தோட்டம்னு ஒண்ணு போட்டுருவோம். குழாயெல்லாம் நம்ம செலவு" என்றார். தர்ம காரியம் செய்கிற முகம் அவருக்கு அப்போது வந்துவிட்டது.

முதன்முதலாக ஒரு வயலில் நான் கால் வைத்தது அப்போதுதான். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அக்காவின் மோட்டார் ரூமில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஆட்டோ ஸ்டார்ட்டர் என்றார்கள். அந்தப் பக்கத்தில் எல்லா மோட்டாருக்கும் அதை மாட்டியிருப்பார்கள். சுவிட்சைப் போட்டது போட்டபடியே இருக்கும். கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் தானாக ஓடும். எப்போது போகிறதோ அப்போது தானாக நிற்கும். செடிக்குத் தாகமா இல்லையா என்பதை அங்கே செடி தீர்மானிக்கவில்லை, புகைபோக்கிகள் தீர்மானித்தன. ஆள் இல்லாத வயலில் தண்ணீர் வரப்பைத் தாண்டி ரோட்டில் ஓடும்; வாத்துகள் அதில் குளித்துக்கொண்டிருக்கும்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் மிச்சமாகும் என்றேன்.

"கரண்டு ஓசிலதான வருது. அத்த மிச்சம் புடிச்சி நான் இன்னா பண்றது, ஊறுகா போட்றதா?" என்றாள் அக்கா.

விவசாயிக்கு மின்சாரம் இலவசமாக வருகிற ஊருக்காக அந்தப் புத்தகம் எழுதப்படவில்லை. கரண்ட்டை விடு, கிணற்றைப் பார் என்று நான் பேச்சை மாற்றினேன். ஆடைக் கணக்கைச் சொன்னேன். அது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்ப நான்தான் அடியில கெடந்த உப்ப மோட்டார் வெச்சி கூப்ட்டுகினு இருந்தனா" என்று கேட்டாள்.

குழாய்கள் வந்து இறங்கின. பெரிய மோட்டாரைக் குழாயோடு நேராக இணைத்து முதல் நாள் ஓட்டியபோது, பாதிக் குழாய்கள் இணைப்பை விட்டுக் கழன்று வயலில் நெளிந்து ஓடின. நான் வரப்பில் ஏறி நின்று கத்தினேன். அக்கா ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு வந்து, எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தாள். பிறகு முதலாளி கட்டைக் கால்களின் மேல் ஒரு தொட்டி வைத்துக் கொடுத்தார். மோட்டார் கொஞ்ச நேரம் ஓடித் தொட்டியை நிரப்பும். தொட்டியிலிருந்து தண்ணீர் தன் எடையிலேயே இறங்கிச் சொட்டும். தொட்டி நிரம்பியதும் அக்கா சுவிட்சை அணைத்துவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது என்பதே அந்த ஊருக்குப் புதிது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

அக்காவும் லேசில் நம்பிவிடவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பழகியவளுக்கு, சத்தம் இல்லாமல் சொட்டுவது தண்ணீர் பாய்ச்சுகிற காரியமாகவே தெரியவில்லை. நான் இல்லாத நேரத்தில் இரண்டு வரிசைக்குக் குடத்தால் மொண்டு ஊற்றியிருக்கிறாள். "பட்னி போட்டா மாதிரி இருந்திச்சி, மன்சு கேக்கல" என்றாள். அடுத்து, குழாயில் செடிக்குச் செடி பொருத்தியிருந்த சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டபோது வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றி ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பெரிதாக்கிவிட்டாள். சில செடிகள் சேற்றில் நின்றன, சில செடிகள் காய்ந்தன. அன்றைக்கு அவளை நான் திட்டிய திட்டில் வயலிலிருந்த கொக்குகூடப் பறந்துபோனது. அவளும் சும்மா இல்லை. "டவுன்ல குந்திகினு கத்திரிக்கா துன்றவ எனக்குச் சொல்லித் தர்றியா" என்று ஆரம்பித்து என் பரம்பரை வரைக்கும் போனாள். கோபம் தணிந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து சொட்டுவான்களை மாற்றினோம்.

கொஞ்ச நாளில் இலை ஓரக் கருகல் நின்றது. புதுத் தளிர் விட்டது. கிணற்றுத் தண்ணீரை அக்கா தினமும் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பாள். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவள் காயைப் பற்றிப் பேசாமல், "கெணறு திரும்பி வந்துகினு கீதுடீ" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் நான் செய்த வேலையில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது என்று எனக்கு முதன்முதலாக அன்றைக்குத் தோன்றியது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இந்த இடத்தில் முதலாளி போர்டு வைத்தார்.

வயலின் ஓரத்தில், ரோட்டைப் பார்த்து, லாரி மேல் ஏறி நின்றாலும் படிக்கிற எழுத்தில்: "இங்கே சொட்டு நீர். தண்ணீர் மிச்சம். மின்சாரம் மிச்சம்." மிச்சம் என்ற வார்த்தை எனக்குச் சரியாகப் படவில்லை. சிக்கனம் என்று போடலாமே என்றேன்.

"சிக்கனம்னா கஞ்சப்பயன்னு நெனைப்பான்" என்றார் முதலாளி.

"சேமிப்புன்னு போடலாம் சார்."

"அது போஸ்டாபீஸ்ல போடுத வார்த்தை. மிச்சம்னு போட்டாத்தான் கையில இருக்குன்னு அர்த்தம் வரும். ஜனங்களுக்கு மிச்சம்னா ஒரு ஆசை பாத்துக்க."

வியாபாரி வியாபாரிதான். அவர் சொன்னது அத்தனையும் சரி என்பது பிறகு தெரிந்தது.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். முதல் நாள் ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக விளம்பரம் செய்தார்கள். ஆட்டோ ஓடுகிற வேகத்தில் காற்றில் மிச்சமாக நின்றது "சொட்டு" என்ற ஒரு சொல்தான். அந்த ஆண்டுகளில் ஆட்டோவில் மைக் கட்டி சொட்டு என்று கத்தினால் போலியோ சொட்டு மருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். விழா அன்று சுற்றுவட்டத்துத் தாய்மார்கள் எல்லாம் இடுப்பில் குழந்தையோடு வந்து வரப்பில் வரிசை கட்டி நின்றார்கள். குழந்தைகள் பயத்தில் முன்கூட்டியே அழ ஆரம்பித்துவிட்டன. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். விவசாயிகள் குடும்பத்தோடு திரண்டிருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். ஒரு அம்மா குழந்தையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு சொட்டுக் குழாய்ப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன்.

அதிகாரியின் கார்மேல் புழுதி படியக் கூடாது என்று ஒரு லாரித் தண்ணீரை ரோட்டில் விட்டு நனைத்திருந்தார்கள். அந்த ஈரத்தில் நின்றுதான் அவர் ஒவ்வொரு சொட்டின் அருமையைப் பற்றியும் பேசினார். நன்றாகத்தான் பேசினார், நீளமாகவும் பேசினார். மைக்குக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போகும்போது மேஜையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. அக்கா அவற்றை எடுத்து ஓரத்து வெண்டைச் செடிக்கு ஊற்றினாள். போட்டோகிராபர் எல்லாவற்றையும் எடுத்தார். போர்டும் அதன் முன்னால் அக்காவும் நிற்கும் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஆபீஸில் முதலாளி நாற்காலிக்கு மேலே மாட்டினார்கள்.

அதற்கடுத்து மழை ஏமாற்றிய ஆண்டுகள் வந்தன. சென்னை முழுக்கக் குடத்தோடு அலைந்தது. வயலுக்கான கறுப்புக் குழாய் மெஷினை நிறுத்திவிட்டு லாரிக்கான பச்சைக் குழாய் மெஷினை இரண்டு ஷிப்ட் ஓட்டினார்கள். தண்ணீர் லாரி வைத்திருந்த ஒருவர் குழாய் வாங்க ஆபீசுக்கு வந்தார். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விடுகிறவரும் அவர்தான். பில் போடுவதற்காகக் காத்திருந்தவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"மொதலாளி, இது எந்த எடம்? தண்ணி மிச்சமா கீதா?" என்று கேட்டார்.

"அதான் எழுதிருக்குல்லா. நேர்ல போய்ப் பாரும், எவ்வளவு மிச்சம்னு கண்ணால பாக்கலாம்" என்றார் முதலாளி. லாரிக்காரருக்கும் சொந்த ஊரில் நிலம் இருக்கும், குழாய் போடப் போகிறார் என்பது அவர் நினைப்பு. எந்த ஸ்டேஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று படம் வரைந்தே காட்டினார். நான் அப்போது டைப் அடித்துக்கொண்டிருந்தேன், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை அக்கா எங்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்து, நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினாள். லாரிக்காரர் தோட்டத்தில் வந்து இறங்கி, "அக்கா, மிச்சம் தண்ணி எவ்ளோ கீது?" என்று கேட்டிருக்கிறார்.

"இன்னா மிச்சம்? பாதி துன்ட்டு வெச்ச சோறா இது?"

"போர்டு நீதான வெச்சிகினு கீற. தண்ணி மிச்சம்னு."

"அத்து மிச்சம் புடிக்கிற மிச்சம்யா. மிஞ்சிப்போன மிச்சம் இல்ல."

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான போட்டுகினு கீது" என்றாராம் லாரிக்காரர். அதைச் சொல்லும்போது அக்காவுக்கும் எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சிரித்தாள். அந்த ஆளைத் துரத்திவிட்டதாக அக்கா சொன்னாள்.

துரத்தப்பட்ட ஆள் நேராக ராயபுரத்துக்குப் போய்விட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரர் அங்கேதான் இருந்தார். நல்ல மரியாதையான மனிதர். குத்தகை விஷயமாக அவர் தோட்டத்துக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அந்த வாரமே வந்தார். லாரிக்காரரின் வண்டியிலேயே வந்தார். அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தாள். "நீ வந்து பேசு. அந்தப் பாலாட கணக்கெல்லாம் சொல்லு. பட்சவ சொன்னா கேப்பாரு" என்றாள்.

பேசினேன். நான் பேசியதிலேயே நல்ல பேச்சு அதுதான். நல்ல தண்ணீர் மேலே, உப்பு கீழே, வேகமாக இழுத்தால் கிணறு போய்விடும், அக்கா இவ்வளவு நாளும் கொஞ்சமாக எடுத்ததால்தான் தண்ணீர் திரும்பி வந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். வாய்க்காலில் விட்ட காலத்தில் எவ்வளவு நேரம் மோட்டார் ஓடியது, இப்போது எவ்வளவு குறைவாக ஓடுகிறது என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு நல்லா சொல்லுதும்மா. உன் செடிக்கு எவ்வளவு வேணும்னு அளந்தே சொல்லிடுச்சு. அதை நீ தாராளமா எடுத்துக்க. மிச்சம் இருக்கிறது என்னுது. நிலத்தைத்தானே குத்தகைக்கு விட்டேன், கிணத்தை விடலையே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை, யாரையும் திட்டவில்லை, என் பேச்சிலிருந்தே எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். கொஞ்சம் முரட்டு ஆளாக இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மறுநாளே கிணற்றில் பச்சைக் குழாய் இறங்கியது. எங்கள் கம்பெனிக் குழாய்தான். அக்கா அணைத்து அணைத்துப் பழகிய அதே மோட்டார், அதே ஆட்டோ ஸ்டார்ட்டர், அதே இலவச மின்சாரம். இப்போது கரண்ட் வருகிற நேரமெல்லாம் லாரிக்கு ஓடியது. முதலாளியிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான் என்னம்மா செய்ய? அவர் நிலம், அவர் கிணறு. ஆனா அந்தக் கிணத்துல தண்ணி இறங்குதாம், லாரிக்காரரு இன்னும் நீளமா குழாய் வேணும்னு கேட்டுருக்காரு" என்றார். அதில் அவருக்கு வருத்தமும் இருந்தது, வியாபாரமும் இருந்தது. எது முன்னால் நின்றது என்று அவருக்கே தெரியாது.

லாரி எங்கள் தெருவுக்குத்தான் வந்தது. அம்மா எல்லோருக்கும் முன்னால் குடத்தைப் போட்டு வாங்கி வந்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டு, "கல்கண்டாட்டம் கீதுடீ தண்ணி" என்றாள். எங்கள் தெருவே அந்த லாரிக்காரரைக் கொண்டாடியது. அது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். "அதுக்குன்னு கீழ ஊத்த முடியுமாடீ" என்றாள். ஊற்றவில்லை. நானும் குடித்தேன். அந்தக் கோடையில் வேறு தண்ணீர் இல்லை.

அக்கா மட்டும் விடாமல் தன் பங்கு தொட்டியை நிரப்பிக்கொண்டு, சொட்டுவான்களைக் கழுவி, ஊக்கைத் தொடாமல், ஒழுங்காக விவசாயம் செய்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் அவள் சொட்டுச் சொட்டாக விட, இன்னொரு பக்கம் லாரி லாரியாகப் போனது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களும் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் கிணறுகளையும் லாரிக்குத் திறந்துவிட்டார்கள். மண்ணுக்கு அடியில் தண்ணீருக்கு வரப்பு கிடையாது. அக்கா சேர்த்துவைத்ததை எல்லாரும் எடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் எங்கள் தெருவில் லாரியைச் சுற்றி ஒரே கூச்சல். "உப்பு கரிக்குது, இத்த எவன் குடிப்பான்" என்று அம்மாதான் முதலில் ஆரம்பித்தாள். லாரிக்காரர் குடித்துப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த வாரமே குழாயைச் சுருட்டிக்கொண்டு செங்குன்றம் பக்கம் வேறு கிணறு தேடிப் போய்விட்டார். நில உரிமையாளர் மறுபடி தோட்டத்துக்கு வந்தார். இந்த முறை தனியாக, ரயிலில். அக்காவைக் கூப்பிட்டு, "இனிமே யாரும் பங்குக்கு வரமாட்டாங்கம்மா. கிணறு முழுசும் நீயே வெச்சுக்க. மிச்சம் பிடிக்கணும்னுகூட இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார் என்றாள் அக்கா. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆளை அந்தக் கிணற்றிலேயே இறக்கி ஒரு குடம் குடிக்க வைக்க வேண்டும் என்றுதான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் ஒன்றும் பழுதில்லை, சொட்டுவான் ஒன்றும் அடைக்கவில்லை. ஒவ்வொரு செடியின் அடியிலும், சொட்டு விழுகிற இடத்தைச் சுற்றி, வட்டமாக வெள்ளை பூத்திருந்தது. ஒரு செடியும் விட்டுப்போகவில்லை. கத்தரி இலைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகியிருந்தன. அக்கா வால்வுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை. சந்தேகம் கேட்டாள்.

"இன்னும் கம்மியா வுட்டா இன்னா? ஒரு செடிக்கு நாளிக்கு ரெண்டே சொட்டு. தண்ணி கம்மியா போனா உப்பும் கம்மியாத்தான போவும்? பொழச்சிக்குமா?"

லேசான உப்பு என்றால் சொட்டு நீரில் செடி தாங்கும் என்று புத்தகத்தில் இருந்தது. தொட்டிக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நக்கிப் பார்த்தேன். அது லேசான உப்பு இல்லை. கடல்.

"பொழைக்காதுக்கா" என்றேன்.

அக்கா வால்வை மூடினாள். குழாய்களில் தங்கியிருந்தது தீரும்வரை, மூடிய பிறகும் செடிகளுக்குச் சொட்டிக்கொண்டேதான் இருந்தது.